பாம்புக்கடியும் நூலகரும்

கண்ணாடி விரியன் கடித்து ஒருவர் அரசு மருத்துவமனைக்கு வருகிறார். ஊர் விழுப்புரமானாலும் சரி, அநுராதபுரமானாலும் சரி, அவருக்கு ஏற்றப்படும் விஷமுறி மருந்து பெரும்பாலும் இந்தியாவில் தயாரானதுதான். நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் விஷத்துக்கும் சேர்த்துச் செய்த மருந்து அது. ஆனால் இலங்கைக் கண்ணாடி விரியனின் போக்கு கொஞ்சம் வேறு. அங்கே ரத்தம் உறையாமல் போவதோடு, கண்ணிமை தொங்குவது போன்ற நரம்புப் பாதிப்பும் அடிக்கடி வருகிறது. விஷமுறியே ஒத்துக்கொள்ளாமல் நோயாளி தடுமாறுவதும் நிறைய நடக்கிறது. பொறுப்பிலிருக்கும் இளம் மருத்துவருக்கு ஒரு சந்தேகம் வருவது இயல்பு: மருந்தை ஏற்றுவதற்கு முன் சிறிதளவு அட்ரினலின் போட்டால் அந்த ஒவ்வாமையைத் தடுக்கலாமா?

விடை இருக்கிறது. இலங்கையில் ஆயிரத்துக்கும் அதிகமான நோயாளிகளிடம் நடத்திய சோதனையின் முடிவு 2011இல் பிளாஸ் மெடிசின் இதழில் வந்தது. அட்ரினலின் பலன் தருகிறது என்று அது காட்டியது. காசு கொடுக்காமல் யாரும் படிக்கலாம். அதைக் கண்டுபிடிப்பதுதான் பாடு. மருத்துவக் கட்டுரைகளின் தேடுதளமான பப்மெட் 1997 முதல் இலவசம் என்றாலும், அதில் பாம்புக்கடி என்று பொதுவாகத் தேடினால் கட்டுரைகள் ஆயிரக்கணக்கில் கொட்டும். பழைய கட்டுரைகளில் இந்தப் பாம்பு விப்பெரா ரசெலி, பிற்பாடு வந்தவற்றில் டபோயா ரசெலி. ஒரு பெயரை மட்டும் போட்டால் மற்றது நழுவிவிடும். கேள்வியை நோயாளி, சிகிச்சை, ஒப்பீடு, விளைவு என்று நாலாகப் பிரித்து, மெஷ் என்ற மருத்துவச் சொற்பட்டியலின் சொற்களைக் கோத்து, வந்ததைச் சலித்து, படிக்கத் தகுந்த பத்துக் கட்டுரைகளை மருத்துவர் கையில் கொடுப்பவர்தான் மருத்துவ நூலகர். புத்தகம் எடுத்துக் கொடுப்பது அவருடைய வேலையில் மிகச் சிறிய பகுதி.

இந்த வேலைக்கு இலங்கை கொடுத்திருக்கும் இடம் கவனிக்கத்தக்கது. 1978ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கப் பல்கலைக்கழகச் சட்டம் நூலகரைப் பல்கலைக்கழகத்தின் அதிகாரிகளில் ஒருவராக வைக்கிறது. மருத்துவ பீட நூலகத்துக்குப் பொறுப்பாக இருப்பவர் பொதுவாக ஒரு சிரேஷ்ட உதவி நூலகர். அவருடைய பதவி உயர்வுக்கு ஆய்வுக் கட்டுரைகளும் கணக்கில் வரும். பல்கலைக்கழக நூலகர்களின் சங்கம் சொந்தமாகவே ஓர் ஆய்விதழ் நடத்துகிறது. பட்டமேற்படிப்பு மருத்துவர்கள் கொழும்பில் 1980இல் தொடங்கிய பட்டப்பின் மருத்துவ நிறுவகத்தைத் தாண்டித்தான் போக வேண்டும். ஆய்வேடு எழுதத் தொடங்கும்போது அதன் நூலகப் படியையும் மிதித்தாக வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் தென்கிழக்காசிய நூலக வலையமைப்பான ஹெல்லிஸுக்கு இலங்கையின் மைய முனையும் அந்த நூலகமே. மருத்துவ பீடங்கள் ஒரு டஜனைச் சுற்றியே இருப்பதால் நூலகர்கள் ஒருவரையொருவர் அறிவார்கள். தன்னிடம் இல்லாத கட்டுரைக்கு இன்னொருவரைக் கேட்க அவர்களுக்குக் கூச்சமில்லை.

இந்தியாவில் 700க்கும் மேற்பட்ட மருத்துவக் கல்லூரிகள். ஒவ்வொன்றிலும் நூலகம் உண்டு, இருந்தாக வேண்டும். அனுமதி தருவதற்கான விதியில் இத்தனை இருக்கை, இத்தனை நூல் என்று வரையறை இருக்கிறது. ஆய்வுக்குழு வரும் வாரத்தில் அடுக்குகள் துடைக்கப்பட்டு, பதிவேடுகள் சரிபார்க்கப்பட்டு, நூலகம் களைகட்டும். குழு எண்ணிவிட்டுப் போகும். எதை எண்ணுகிறார்களோ அதுதானே வளரும்? நூலகர் பெரும்பாலும் ஆசிரியரல்லாத பணியாளர் பட்டியலில் இருப்பதால், வகுப்பில் நின்று தேடல் கற்றுத்தரும் வாய்ப்பு அவருக்கு அரிது. நூல் இருப்பது பூட்டி வைப்பதற்கு அல்ல என்று 1931இலேயே விதி வகுத்தவர், கோலன் பகுப்பில் மருத்துவத்துக்கு எல் என்ற எழுத்தைக் கொடுத்தவர், சீர்காழியில் பிறந்த நூலகவியலாளர் ரங்கநாதன். அவருடைய நாட்டில் இப்படி என்பது எனக்கு உறுத்தல்தான்.

எல்லா இடமும் அப்படியல்ல என்பதையும் சொல்ல வேண்டும். 1966இல் தேசிய அந்தஸ்து பெற்ற டெல்லி தேசிய மருத்துவ நூலகம் மின்னிதழ்களுக்குக் கூட்டுச் சந்தா ஏற்பாட்டை நடத்திவந்தது. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் தெற்காசிய மையத்தை வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி நடத்தியிருக்கிறது. காக்ரேன் நூலகத்தை இந்தியர் யாவரும் இலவசமாகப் படிக்கும்படி 2007இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.) சந்தா கட்டியது நல்ல காரியம்.

இதழ்களை எட்டும் வழியில்தான் இரு நாடுகளும் வெகுவாக வேறுபடுகின்றன. உலக சுகாதார நிறுவனம் 2002இல் தொடங்கிய ஹினாரி திட்டம், வருமானம் குறைந்த நாடுகளுக்கு மருத்துவ இதழ்களை இலவசமாகவோ சொற்ப விலைக்கோ திறந்துவிட்டது. இலங்கை உள்ளே, இந்தியா வெளியே. இந்தியர் ஏழைகள் இல்லை என்பதால் அல்ல, பதிப்பகங்களுக்கு இங்கே ஏற்கெனவே வியாபாரம் இருந்ததால். ஹினாரியில் பதிவு செய்யும்போது நிறுவனத் தலைவரோடு நூலகரின் பெயரையும் கேட்பார்கள். கடவுச்சொல் வழக்கமாக அவர் கையில் இருக்கும். அதனால் இதழ் வேண்டிய மருத்துவர் நூலகரைத் தேடி வந்தார், வந்தவருக்கு நூலகர் தேடவும் சொல்லிக்கொடுத்தார். 2022இல் மருந்து வாங்கவே டாலர் இல்லாமல் தவித்த நாட்டுக்கு இந்தக் கதவு எவ்வளவு பெரிய ஆறுதல் என்று யோசித்துப் பாருங்கள்.

இந்தியா பணத்தால் பதில் சொல்லியிருக்கிறது. ஒரே நாடு ஒரே சந்தா திட்டத்துக்கு 2024 நவம்பரில் ஒன்றிய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. மூன்று ஆண்டுக்கு 6,000 கோடி ரூபாய், 30 பதிப்பகங்கள், ஏறக்குறைய 13,000 இதழ்கள், சுமார் 6,300 அரசு நிறுவனங்கள். மருத்துவக் கல்லூரிகளில் ஏறத்தாழ பாதி தனியார் கையில் இருப்பதால் அவை வெளியே நிற்கின்றன. கல்வி நிறுவனம் அல்லாத வட்ட மருத்துவமனைக்கும் அதில் இடமில்லை. உள்ளே இருப்பவர்களுக்கும் ஒரு குறை உண்டு: இதழ் நேராகத் திரைக்கு வந்துவிடுவதால் நூலகரைக் கடந்து போய்விடலாம். 13,000 இதழ்களுக்கு நடுவே தேடத் தெரியாதவர் கூகுளின் முதல் பக்கத்தோடு நிறுத்திக்கொள்வார்.

நோயாளி என்று வந்தால் இரு நாடும் ஒன்றுதான். மருத்துவ நூலகத்துக்குள் பொதுமக்கள் நுழைவது எங்கும் அரிது. மும்பையில் மருத்துவர் அனிருத்த மல்பானி 1990களில் நோயாளிகளுக்கென்றே தொடங்கிய ஹெல்ப் நூலகம் ஒரு விதிவிலக்கு. யாழ்ப்பாணத்து மானிப்பாயில் 19ஆம் நூற்றாண்டிலேயே அமெரிக்க மிஷனரி மருத்துவர் சாமுவேல் கிறீன் உடற்கூறும் ரணவைத்தியமும் தமிழில் படிக்கக் கிடைக்கச் செய்தார். இன்று சர்க்கரை நோய்க்கு நம்பகமான ஒரு தமிழ்க் குறிப்பு வேண்டுமென்று கேட்பவருக்கு வாட்ஸ்அப்தான் கைகொடுக்கிறது. சரிபார்த்த தகவல் எது என்று பிரித்துச் சொல்லப் பயிற்சி பெற்றவர் அதே வளாகத்தில்தான் இருக்கிறார். அவரை யாரும் கேட்பதில்லை.

இலங்கைச் சுகாதார அமைச்சு, பல்கலைக்கழகத்துக்கு வெளியே மாவட்ட வைத்தியசாலைகளுக்கும் நூலகர் பதவிகளைக் கொண்டுசெல்லட்டும். இந்தியாவில் ஆய்வுக்குச் செல்லும் குழுவினர் அடுக்கிலிருக்கும் புத்தகங்களை எண்ணுவதற்கு முன் நூலகரிடம் ஒரு கேள்வி கேட்கட்டும்: போன மாதம் எந்தெந்த மருத்துவர் உங்களிடம் என்ன தேடித்தரச் சொன்னார்?