ஊஞ்சலும் தவளையும்

ஊஞ்சலில் உட்கார்ந்திருக்கும் பையனுக்கு வயது 11. கயிறு கட்டிய மரம் கடலோரச் செங்குத்துப் பாறையின் விளிம்பில் நிற்கிறது. விளையாட்டுக் கன்ட்ரோலரின் இரண்டு குமிழ்களும் அவனுடைய இரண்டு கால்கள். ஒருசேர முன்னே தள்ளிப் பின்னே இழுத்தால் ஊஞ்சல் வேகம் எடுக்கும். அவனுடைய குடும்பத்தில் ஒவ்வொருவரும் எப்படிச் செத்தார்கள் என்பதுதான் கதை. அது தெரிந்தும் நான் உந்திக்கொண்டே இருந்தேன். இன்னும் உயரம், இன்னும் உயரம் என்று கால்கள் கேட்டன.

இந்த ஊஞ்சல் வரும், ஜயன்ட் ஸ்பாரோ நிறுவனத்தின் 'வாட் ரிமெய்ன்ஸ் ஆஃப் ஈடித் ஃபிஞ்ச்' 2017இல் வந்தது. மறு ஆண்டு பாஃப்டாவின் சிறந்த விளையாட்டு விருதையும் பெற்றது. குழந்தைப் பருவத்தின் கலக்கமூட்டும் நினைவுகளைப் புதிர்களாக்கும் விளையாட்டுகளின் பலம் அந்த ஊஞ்சலில் தெரிகிறது. நினைவு முதலில் கைக்கு வருகிறது, புத்திக்குப் பிறகுதான்.

டென்மார்க்கின் பிளேடெட் 2010இல் தந்த 'லிம்போ'வில் பேச்சே இல்லை. சகோதரியைத் தேடிக் கறுப்பு வெள்ளைக் காட்டில் நடக்கும் சிறுவன், செத்துச் செத்துத்தான் வழி கற்கிறான். அழகான விளையாட்டு. ஆனால் அதன் அச்சம் எந்த வீட்டுக்கும் சொந்தமில்லாதது. எனக்கு அது போதவில்லை.

நார்வேயின் கிரில்பைட் 2014இல் வெளியிட்ட 'அமங் த ஸ்லீப்' வீட்டுக்குள்ளேயே வந்துவிடுகிறது. நாம் 2 வயதுக் குழந்தை. நடந்தால் தள்ளாடுவோம், தவழ்ந்தால் விரைவோம். இருட்டில் கரடிப் பொம்மையை இறுக அணைத்தால் கொஞ்சம் வெளிச்சம். அம்மாவைத் தேடும் வழியில் ஓரிடத்தில் தரையெங்கும் பாட்டில்கள். ஒன்று உருண்டு சத்தம் கேட்டாலும் பூதம் வந்துவிடும். பாட்டிலில் என்ன இருந்தது என்று குழந்தைக்குத் தெரியாது. அரவமில்லாமல் நகர மட்டும் தெரியும். குடிப்பவர் இருந்த வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இந்த இடத்தை யாரும் விளக்க வேண்டியதில்லை.

எனக்கு மிக நெருக்கமானது 'பாப்போ அண்ட் யோ' (2012). கொலம்பியாவில் பிறந்த வாண்டர் கபயேரோ, குடிகாரத் தகப்பனோடு வளர்ந்த நாட்களைப் பின்னாளில் மான்ட்ரியலில் விளையாட்டாக்கினார். தென்னமெரிக்கக் குடிசைப் பகுதியில் கீக்கோ என்ற சிறுவன். கூடவே பெருத்த உடம்போடு ஒரு மான்ஸ்டர். பழத்தைக் காட்டினால் பின்னாலேயே வரும். தூங்கும்போது அதன் தொப்பையில் குதித்துக் கூரைக்குத் தாவலாம். அவ்வளவு நல்ல துணை. தவளையைக் கண்டால் மட்டும் விழுங்கிவிடும். உடனே உடம்பெல்லாம் தீப்பற்றி, அதே பிள்ளையைத் தூக்கி வீசும். தவளை அதன் கண்ணில் படாமல் பார்த்துக்கொள்வது பிள்ளையின் பொறுப்பாகிவிடுகிறது. இதைவிடக் கச்சிதமாகக் குடிகாரரின் வீட்டைச் சொன்ன விளையாட்டை நான் அறியேன்.

புதிர்கள் எளிது, ஓட்டம் தடுமாறுகிறது என்று அப்போது குறை சொன்னார்கள். உண்மைதான். ஆனால் அந்த எளிமைதான் நம்மை ஏமாற்றுகிறது. அட்டைப் பெட்டியைத் தூக்கினால் வீடே நகர்கிறது. எல்லாப் புதிரும் அவிழ்கிறது. இவ்வளவும் முடிந்த பையனுக்கு மான்ஸ்டரைக் குணப்படுத்தவும் முடியும் என்று கடைசிவரை நம்பினேன். மருந்து கிடையாது. விட்டுவிட வேண்டும், அவ்வளவுதான். அந்தக் கடைசி அசைவுக்கு என் விரல் வெகுநேரம் இணங்கவில்லை. சற்று முன்வரை அதன் தொப்பையில்தானே குதித்துக்கொண்டிருந்தேன்.