முதல் ரவுண்டைத் தாண்டாத ‘ஸ்டீல்’

‘த ட்விலைட் ஸோன்’ தொடரின் கதைசொல்லி ராட் செர்லிங் இந்த எபிசோடைத் தொடங்குவதே விளையாட்டுச் செய்தி வாசிப்பது போலத்தான். ஆண்டு 1974. கான்சாஸ் மாநிலத்தில் மேனார்ட் என்றொரு சிற்றூர். ஹெவிவெயிட், ஆறு ரவுண்டு. மோதப்போவது ‘பேட்லிங் மேக்ஸோ’, பி-2 ரகம். ரகமா? ஆமாம், மேக்ஸோ ஆள் இல்லை, எந்திரம். மனிதர்கள் மோதும் குத்துச்சண்டையை 1968-லேயே சட்டம் போட்டு ஒழித்துவிட்டார்களாம்.

‘த ட்விலைட் ஸோன்’ தொடரின் ஐந்தாவது சீசனில், 1963 அக்டோபர் 4 அன்று ஒளிபரப்பானது ‘ஸ்டீல்’. தடை என்பது அன்றைக்கு வெறும் கற்பனையாக இல்லை. 1962 மார்ச்சில், நியூயார்க் மேடிசன் ஸ்குவேர் கார்டனில் எமில் கிரிஃபித்தின் குத்துகளில் நினைவிழந்த பென்னி பாரெட், பத்து நாளில் இறந்துபோனார். அந்தச் சண்டையை அமெரிக்கக் குடும்பங்கள் வீட்டு டிவியிலேயே பார்த்திருந்தன. அடுத்த மார்ச்சில் லாஸ் ஏஞ்சலஸில் சுகர் ராமோஸிடம் ஃபெதர்வெயிட் பட்டத்தைப் பறிகொடுத்த டேவி மூர், நான்கே நாளில் கண்ணை மூடினார். இந்த விளையாட்டையே தடை செய்யுங்கள் என்றார் கலிஃபோர்னியா ஆளுநர் பாட் பிரவுன். ரிச்சர்ட் மேத்திசன் மூலக்கதையை எழுதியது 1956-ல், திரைக்கதையும் அவருடையதே. அது திரைக்கு வந்த நேரம்தான் அதன் சூட்டைக் கூட்டியது.

கதை சின்னது. ஸ்டீல் கெல்லி (லீ மார்வின்) முன்னாள் ஹெவிவெயிட். ஒருமுறைகூடத் தரையில் விழாதவர் என்பதால் வந்த பட்டப்பெயர் அது. இப்போது மேக்ஸோவின் சொந்தக்காரர். பார்ட்ஸ் கிடைக்காத பழைய மாடல் அது. வேறொரு எந்திரம் வழியில் சேதமானதால்தான் இந்த வாய்ப்பே வந்தது. எதிரே ‘மேனார்ட் ஃபிளாஷ்’, புத்தம்புது பி-7. சண்டைக்குச் சற்று முன் மேக்ஸோவின் ஸ்பிரிங் தெறித்துவிடுகிறது. கையில் காசில்லை. மெக்கானிக் போல் (ஜோ மான்டெல்) தலைப்பாடாய் அடித்துக்கொண்டும் கேட்காமல், மேக்ஸோவாக வேஷம் போட்டு கெல்லியே ரிங்கில் ஏறுகிறார்.

சண்டையைச் சண்டையாக அலசினால், கெல்லி தோற்றது மணி அடிப்பதற்கு முன்பே. விலாவில் குத்துவது எதிராளியின் மூச்சை வாங்கத்தான். பி-7-க்கு வாங்குவதற்கு மூச்சே கிடையாது. களைக்கட்டும் என்று காத்திருக்கவும் வழியில்லை. தன் பக்கமோ, வலித்தால் முகம் சுளிக்கக் கூடாது, மூச்சிரைக்கக் கூடாது, ரத்தம் தெரிந்தால் கதை முடிந்தது. அனுபவசாலியின் ஆயுதம் ஒவ்வொன்றும் இப்படிப் பிடுங்கப்பட்டபின் ஒரே ஒரு வாய்ப்பு கிடைக்கிறது. தடுப்பாரில்லாமல் ஃபிளாஷின் பின்மண்டையில் முழு பலத்தோடு ஒரு குத்து இறக்குகிறார். மனிதர்கள் மோதிய காலத்தில் அது விதிமீறல். வாங்கியவனின் உயிருக்கே ஆபத்தாகலாம். எந்திரம் அசையவில்லை. அதன்பின் நடப்பது சண்டையே இல்லை, அடி வாங்குவது மட்டும்தான். முதல் ரவுண்டிலேயே நாக் அவுட். கூட்டம் கூச்சலிட்டுக் கேலி செய்கிறது.

ஃபிளாஷாக வரும் சக் ஹிக்ஸைப் பார்த்தால் முகமூடி மாட்டிய மனிதர் என்பது பளிச்சென்று தெரிகிறது. வேறொரு கதையில் இது குறை. இங்கே அதுவே கைகொடுக்கிறது: எந்திரங்களே இவ்வளவு மனிதச் சாயலில் இருந்தால், கெல்லியின் வேஷத்தை யார் சந்தேகிப்பார்கள்?

மார்வினின் நடிப்பைப் பலரும் ரிங்கில் தேடுவார்கள். அது இருப்பது அதற்கு முன்பு. ஓட்டை உடைசலான மேக்ஸோவைப் பற்றி வாய் கூசாமல் அளக்கும்போதும், ‘விட்டுவிடலாம்’ என்கிற போலிடம் எரிந்து விழும்போதும் அந்தக் கரகரத்த குரலில் ஒரு பிடிவாதம் ஓடுகிறது. மேக்ஸோவை யாராவது மட்டம் தட்டினால் தன்னையே தட்டியதாக அவருக்குச் சுடுகிறது. மான்டெல் வியர்த்து விறுவிறுத்து எதிர்ப்பாட்டுப் பாடுவது அதற்குச் சரியான ஈடு. இயக்குநர் டான் வெய்ஸ் இந்த இருவரையும் குறுகிய அறைகளில் அடைத்துப் போட்டது நல்ல முடிவு.

இடறுவது செர்லிங்கின் முடிவுரையில். எந்திரத்தை மனிதன் குத்தி ஜெயிக்க முடியாது, ஆனாலும் அவனுடைய நெஞ்சுரம் மாறாது என்கிற தொனியில் பேசுகிறார். ராணுவத்தில் இருந்தபோது குத்துச்சண்டை போட்டவர் அவர், உணர்ச்சிவசப்பட்டதில் வியப்பில்லை. ஆனால் காட்சி சொல்வது வேறு. படுமோசமான ஆட்டம் என்று சொல்லிப் பேசிய தொகையில் பாதியைத்தான் தருகிறார்கள். நியாயம் கேட்டால் குட்டு வெளிப்பட்டுவிடும். கெல்லியால் வாய் திறக்க முடியாது. அடிபட்டு நொறுங்கிக் கிடக்கும் மனிதர், அந்தப் பாதிப் பணத்தில் மேக்ஸோவுக்கு என்னென்ன பார்ட்ஸ் வாங்கலாம் என்று திட்டம் போடுகிறார். இதை நெஞ்சுரம் என்பதைவிடச் சூதாடியின் அடுத்த ஆட்டம் என்பதே பொருந்தும்.

இதே கதையை அடியொற்றி 2011-ல் வந்த ‘ரியல் ஸ்டீல்’ படத்தில் ஹியூ ஜாக்மேன் ரிங்குக்கு வெளியே நின்று கையசைக்க, எந்திரம் அடி வாங்குகிறது; புள்ளிக் கணக்கில் தோற்றும் அரங்கமே அதைக் கொண்டாடுகிறது. மேத்திசன் தன் கெல்லிக்குக் கொடுத்தது பாதிக் கூலியும் கூட்டத்தின் ஏச்சும்தான்.