புகழ்ந்த நூலும் புகுந்த நூலும்

நூல்கள் நம்மிடம் இரு வழிகளில் வந்து சேர்கின்றன. பிறர் புகழ்ந்து பரிந்துரைக்க வருவது ஒரு வழி. யாரும் சொல்லாமலே, வேறெதையோ தேடிய கையில் வந்து அகப்படுவது மற்றொரு வழி. முன்னதைப் பேராவலோடு திறக்கிறோம்; பின்னதைப் பொழுதுபோக்காகப் புரட்டுகிறோம். ஆயினும் நூலை மூடி வைக்கும் வேளையில் கணக்குப் பார்த்தால், பெரும்புகழ் பெற்றது நம்மை ஏமாற்றியிருப்பதும், பெயரறியாதது நெஞ்சை நிறைத்திருப்பதும் பலமுறை நிகழக் காண்கிறோம். இஃது ஏன் என்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

மைசூரில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு இவ்வாராய்ச்சி வெறும் சுவை பற்றியதன்று. வீட்டில் தமிழ் பேசி, தெருவிலும் பள்ளியிலும் கன்னடமும் ஆங்கிலமும் பயிலும் நம் பிள்ளைகளுக்கு நாம் தேர்ந்து கொடுக்கும் முதல் தமிழ் நூலே அவர்கள் படிக்கும் இறுதித் தமிழ் நூலாகவும் ஆகிவிடக்கூடும்.

புகழுரையின் சுமை

எடுத்துக்காட்டாகக் கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ நாவலைக் கொள்வோம். 1950 முதல் 1954 வரை ‘கல்கி’ வார இதழில் தொடராக வெளிவந்து, பின்னர் ஐந்து பாகங்களாக நூலுருப் பெற்ற இக்கதையைப் பரிந்துரைக்காத தமிழர் அரியர். இதழின் பக்கங்களைச் சேர்த்து, மணியம் வரைந்த ஓவியங்களுடன் பைண்டு செய்து, ஊர் மாறும்போதெல்லாம் டிரங்குப் பெட்டியில் சுமந்து வந்த குடும்பங்கள் பல. ‘இதைப் படிக்காதவன் தமிழனா?’ என்னும் கேள்வியோடுதான் அது நம் கைக்கும் வந்தது.

ஒரு கோடை விடுமுறையில் ஐந்து பாகங்களையும் தொடர்ந்து படித்தோம். ஆடிப்பெருக்கு நாளில் வீரநாராயண ஏரிக்கரையில் வந்தியத்தேவன் குதிரையேறி வரும் தொடக்கம் உள்ளத்தை அள்ளியது. மூன்றாம் பாகத்தை எட்டுவதற்குள் களைப்பு மேலிட்டது. யாரேனும் ஒருவர் மறைந்து நின்று ஒட்டுக் கேட்பதும், மருமம் அவிழும் தறுவாயில் அத்தியாயம் முடிவதும் மீண்டும் மீண்டும் வந்தன. வாரம் ஒருமுறை படித்தவர்க்கு ஏழு நாள் நீடித்த திகைப்பு, நமக்கு மறு பக்கத்திலேயே தீர்ந்துபோயிற்று. இதழ் வரும் நாளை எதிர்நோக்கிய காத்திருப்பும், ஒருவர் உரக்கப் படிக்க மற்றவர் சூழ்ந்து கேட்ட கூடமும் அக்கதையின் பாதியாய் இருந்தன. அந்தப் பாதி, பைண்டு செய்த புத்தகத்துக்குள் அடங்கவில்லை.

வேறோர் ஏமாற்றமும் நமக்கு இருந்தது. மைசூரிலிருந்து சுமார் 50 கிலோமீட்டர் தொலைவில், காவிரிக் கரையில் உள்ளது தலக்காடு. கங்கரின் தலைநகராயிருந்த அவ்வூரைச் சோழர் 11-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வென்று இராசராசபுரம் என்று பெயரிட்டனர். ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்குப் பின் போசள மன்னன் விஷ்ணுவர்த்தனன் அதைச் சோழரிடமிருந்து கைப்பற்றினான். பொன்னியின் பெயரைச் சூடிய நூலில் நம் ஊர்ப் பொன்னியும் ஓடுவாள் என்று எதிர்பார்த்தோம். அவள் வரவில்லை. வருவதற்கு இடமும் இல்லை; கதை, இராசராசன் 985-இல் அரியணை ஏறுவதற்கு முந்திய காலத்தது.

இவ்விரண்டு ஏமாற்றங்களையும் ஒன்றாக எண்ணுதல் தவறு. ஒட்டுக் கேட்டல் மிகுந்திருப்பது நூலின் குறை. எவ்வளவு பெரும்புகழும் அதை மறைக்க முடியாது. தலக்காடு இல்லாமையோ நம் எதிர்பார்ப்பின் குறை. பரிந்துரையின் ஆரவாரம் அடங்கிய பின் மீண்டும் படித்தபோது, கைக்கு எட்டிய மணிமுடியை அருள்மொழி உத்தம சோழனுக்கு விட்டுக்கொடுக்கும் இறுதிப் பகுதியின் பெருமிதம் நமக்கு விளங்கியது. முதல் வாசிப்பில் அதைக் காணாதபடி மறைத்தது அந்தப் புகழுரையே.

தானே புகுந்த நூல்

இனி மறுபக்கம். பழைய புத்தகக் கடையொன்றில் தி. ஜானகிராமனின் ‘மோகமுள்’ நாவலைத் தேடிக்கொண்டிருந்தோம். அது கிடைக்கவில்லை, அதே ஆசிரியர் சிட்டியுடன் இணைந்து எழுதி 1971-இல் வெளிவந்த ‘நடந்தாய் வாழி காவேரி’ கிடைத்தது. இளங்கோவடிகளின் வாக்கைத் தலைப்பாகக் கொண்ட பயணநூல் அது. அதைப் படிக்கும்படி நமக்கு யாரும் சொன்னதில்லை. பேருந்துப் பயணத்துக்கு உதவும் என்று வாங்கினோம்.

குடகின் தலைக்காவிரியில் பிறந்து பூம்புகாரில் கடலோடு கலக்கும் ஆற்றின் போக்கைப் பின்பற்றி ஆசிரியர்கள் செல்கின்றனர். அவர்கள் எதையும் நிலைநாட்டப் புறப்பட்டவரல்லர். பார்த்ததைச் சொல்கின்றனர்; பழகிய நண்பர்கள் இருவர் தமக்குள் பேசிக்கொள்ளும் குரலில் சொல்கின்றனர். கல்கியிடம் நாம் தேடிக் காணாத மேல்காவிரி இங்கே கேட்காமலே கிடைத்தது. விடுமுறை நாளில் கட்டுச்சோற்றுடன் நாம் சென்று வந்த கரைகளும், தஞ்சையில் நம் பாட்டனார் நீராடிய கரைகளும் ஒரே நூலில், ஒரே நீரால் இணைந்து நின்றன. ஊரை விட்டு வந்தவர்கள் என்று நம்மை எண்ணிக்கொண்டிருந்த நமக்கு, ஆற்றின் கீழ்க்கரையிலிருந்து மேற்கரைக்கு இடம் பெயர்ந்தவர்கள்தாம் நாம் என்னும் எண்ணத்தை அந்நூல் தந்தது.

குறையற்ற நூலென்று இதனைச் சொல்லமாட்டோம். பயணக் குறிப்புக்கே உரிய தாவித் தாவிச் செல்லும் இயல்பு இதிலும் உண்டு. யாரேனும் இதைக் ‘காவிரியின் மாபெருங் காவியம்’ என்று நம் கையில் திணித்திருந்தால், அக்குறையே முதலில் கண்ணில் பட்டிருக்கும்.

நிலவறையில் கிடைத்த குறுந்தொகை

நம் அனுபவம் சிறியது. நம் நகரம் ஈன்ற பெரியார் ஒருவரின் அனுபவம் இதனினும் ஆழமானது. ஏ. கே. இராமானுசன் 1929-இல் மைசூரில் தமிழ்க் குடும்பமொன்றில் பிறந்தவர். தாயுடன் தமிழும், தந்தையுடன் ஆங்கிலமும், தெருவில் கன்னடமுமாக வளர்ந்தவர். மகாராஜா கல்லூரியில் ஆங்கில இலக்கியம் பயின்றவர். நம் பிள்ளைகளின் நிலையும் இதுவே அன்றோ? பழந்தமிழை அவர் முறையாகக் கற்றவரல்லர்.

1962-இல் சிகாகோ பல்கலைக்கழக நூலகத்தின் நிலவறையில், பழந்தமிழுக்கு ஒரு தொடக்க இலக்கண நூல் தேடிச் சென்றார். கையில் அகப்பட்டது, டாக்டர் உ. வே. சாமிநாதையர் 1937-இல் பதிப்பித்த குறுந்தொகை. அடுக்குகளுக்கிடையே தரையில் அமர்ந்து புரட்டியபோது, ஐயரவர்களின் உரைநடை அவருக்குத் தெளிவாக விளங்கிற்று. அவ்வுரை பாடல்களைத் திறந்து காட்டிற்று. ஐந்தே ஆண்டுகளில், 1967-இல், குறுந்தொகைப் பாடல்களின் ஆங்கில மொழிபெயர்ப்பை ‘தி இன்டீரியர் லாண்ட்ஸ்கேப்’ என்னும் நூலாக வெளியிட்டார். சங்கக் கவிதையை உலகம் ஆங்கிலத்தில் சுவைக்க வழி செய்த நூல்களுள் அது தலையாயது.

இது தற்செயல் எனலாம். முழுவதும் தற்செயலன்று. அந்நூலை யாரோ வாங்கி அங்கே அடுக்கியிருந்தார்கள். அதற்கு முன்பே, புதியவர்க்கும் விளங்குமாறு ஒருவர் அரிதின் முயன்று உரை எழுதியிருந்தார். இவ்விரண்டும் இல்லையேல் அந்த வியப்பும் இல்லை.

பரிந்துரை வேண்டாவோ?

அங்ஙனமாயின் பரிந்துரையே கூடாதோ என்று கேட்கலாம். அதற்கும் உ. வே. சா. அவர்களின் வாழ்விலேயே விடை இருக்கிறது. 1880-இல் கும்பகோணத்தில் சேலம் இராமசாமி முதலியார் அவரைச் சந்தித்து, என்னென்ன நூல்கள் கற்றிருக்கிறீர் என்று கேட்டார். ஐயர் அக்காலத்தில் பெரிதும் போற்றப்பட்ட அந்தாதி, பிள்ளைத்தமிழ், கோவை முதலிய நூல்களை அடுக்கினார். முதலியாருக்கு நிறைவு உண்டாகவில்லை. சீவக சிந்தாமணி படித்ததுண்டா என்று வினவி, அதன் பிரதியையும் வருவித்துக் கொடுத்தார். எளிதில் பொருள் கண்டுவிடலாம் என்று திறந்த ஐயர், விளங்காமையைக் கண்டு வியந்தார். அவ்வியப்பே 1887-இல் சிந்தாமணிப் பதிப்பாக மலர்ந்தது.

முதலியார் செய்ததும் பரிந்துரையே. ஆனால் அவர் நூலைக் கொடுத்தாரேயன்றி, படித்தபின் என்ன உணர வேண்டும் என்பதையும் சேர்த்துக் கொடுக்கவில்லை. நாம் பெரும்பாலும் நூலோடு நம் இளமையையும், நம் ஊரையும், நம் கண்ணீரையும் சேர்த்துக் கட்டிக் கொடுக்கிறோம். பெறுபவர் நூலை மட்டுமே படிக்க முடியும்.

இத்தவற்றை நாமும் செய்தோம். அதே பைண்டு செய்த புத்தகத்தை, அதே கேள்வியோடு, நம் வீட்டுப் பிள்ளையிடம் நீட்டினோம். இரண்டாம் பாகத்தோடு புத்தகம் மூடப்பட்டது. ‘பிடிக்கவில்லை’ என்று சொல்லவும் அஞ்சி, அப்பிள்ளை ஓசையின்றிக் கன்னட நாவல்களுக்குச் சென்றது. கன்னடம் படிப்பதில் நமக்கு வருத்தமில்லை. தமிழில் ஒரு நூல் பிடிக்காது போனால் தமிழே பிடிக்காதது போலாகும் என்று அஞ்சவைத்தோமே, அதற்கே வருந்துகிறோம்.

ஆகவே, சங்கங்களும் இல்லங்களும் புகழுரையைக் குறைத்து, நூல்களைக் கைக்கெட்டும் இடத்தில் வைப்பனவாகுக. நல்ல உரையுள்ள பதிப்புகளைத் தேர்ந்து வாங்குக. பாதியில் மூடிவைக்கும் உரிமையையும், பிடிக்கவில்லை என்று துணிந்து சொல்லும் உரிமையையும் பிள்ளைகளுக்கு அளிப்போம். அவ்வாறு சொல்வதும் திறனாய்வின் முதற்படியே. நம் வீட்டில் அந்தப் பைண்டுப் புத்தகம் இப்போது கீழ்த்தட்டில், காவிரிப் பயண நூலின் அருகே இருக்கிறது. கேள்வியை மட்டும் அதனிடமிருந்து நீக்கிவிட்டோம்.