கேமராவுக்கு ஒரு ஊர் வேண்டும்

ஒரு நாவல் படமானால் நாம் முதலில் செய்வது சரிபார்ப்பு வேலை. 2022ல் ‘பொன்னியின் செல்வன்’ வந்தபோது டைம்லைன் முழுக்க அதுதான்: இந்தக் காட்சி எங்கே, அந்தப் பாத்திரத்தை ஏன் சுருக்கினார்கள். ஜாவாவில் எழுதிய நிரலை பைத்தானுக்கு மாற்றினால் அதே உள்ளீட்டுக்கு அதே விடை வரணும், வரலைன்னா பிழை. கதையையும் படத்தையும் இதே கணக்கில்தான் ஒப்பிடுகிறோம். எனக்கு இந்தக் கணக்கில் நம்பிக்கை இல்லை. படம் எதை விட்டுவிட்டது என்பதைவிட, எழுத்தில் இல்லாத எதை அது தேடிப்பிடிக்க வேண்டியிருந்தது என்று கேட்பதுதான் பயனுள்ளது.

ஓசூர் பக்கத்திலேயே இதற்கு நல்ல உதாரணம் இருக்கிறது. ராஜாஜி எழுதிய ‘திக்கற்ற பார்வதி’யை 1974ல் சிங்கீதம் சீனிவாச ராவ் படமாக்கினார். லட்சுமியும் ஸ்ரீகாந்தும் நடித்தார்கள். இசை, வீணைக் கலைஞர் சிட்டிபாபு. சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருதும் கிடைத்தது. கருப்பன் விவசாயி, பார்வதி அவன் மனைவி. அவன் குடிக்க ஆரம்பிக்கிறான், கடன் ஏறுகிறது, கடன் கொடுத்தவனின் கண் பார்வதி மேல் விழுகிறது.

ராஜாஜிக்கு இது வெறும் கதை இல்லை, வாதம். 1937ல் சென்னை மாகாண முதல்வரானதும் அவர் மதுவிலக்கை முதலில் கொண்டுவந்தது சேலம் மாவட்டத்தில். ஓசூர் அப்போது அந்த மாவட்டத்தில்தான் இருந்தது. 1971ல் மதுவிலக்கு தள்ளிவைக்கப்பட்டபோது, தொண்ணூறைத் தாண்டிய வயதில் முதல்வர் கருணாநிதியிடம் நேரில் போய் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். 1972 டிசம்பரில் இறந்துபோனார். குடி குடும்பத்தைக் கெடுக்கும் என்பதை நிரூபிக்கத்தான் கருப்பனும் பார்வதியும் பிறந்தார்கள்.

வாதத்துக்கு ஊர் தேவையில்லை. ‘ஒரு கிராமத்தில்’ என்று எழுதினால் போதும், வாசகர் தனக்குத் தெரிந்த கிராமத்தைப் போட்டு நிரப்பிக்கொள்வார். கேமராவால் ‘ஒரு கிராமத்தை’ எடுக்க முடியாது. அது ஏதோ ஒரு குறிப்பிட்ட கிராமமாகத்தான் இருக்க முடியும், ஒரு குறிப்பிட்ட சுவரும் குறிப்பிட்ட வெயிலும் வேண்டும். சிங்கீதம் போய் நின்ற இடம் ஓசூரை ஒட்டிய தொரப்பள்ளி, ராஜாஜி பிறந்த ஊர். எழுதியவரின் சொந்த ஊரையே கதைக்குக் கொண்டுவந்து கொடுத்தது படம்.

ஊர் வந்ததும் கதையின் எடை மாறுகிறது. வாசிக்கும்போது குடிதான் வில்லன். நடுவில் வந்து நமக்குப் புத்தி சொல்ல ராஜாஜிக்கு இடமுண்டு. திரையில் நிலமும் வீடும் லட்சுமியின் முகமும் கண்ணெதிரே இருக்கும்போது, கள்ளைவிடக் கடன்தான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. குடித்தவன் அவன், ஆனால் வட்டி அவள் உடம்பின் மேல் ஏறுகிறது. இதே சிங்கீதம் 1987ல் பெங்களூரில் வசனமே இல்லாத ‘பேசும் படம்’ எடுத்தார் என்பதை நினைத்தால், பேச்சை நம்பாமல் பார்வையை நம்பும் அந்தப் பழக்கம் எனக்கு ஆச்சரியமாக இல்லை.

நேர் எதிரான உதாரணம் ‘அசுரன்’. பூமணியின் ‘வெக்கை’ (1982) யாருக்கும் புத்தி சொல்லாத நாவல். கொலை செய்துவிட்டுக் காட்டில் ஒளியும் பதினைந்து வயதுப் பையனும் அவன் அப்பாவும், அவர்களின் பசியும் நடையும், அவ்வளவுதான். 2019ல் வெற்றிமாறன் அதை அப்பாவின் கதையாக்கி, அவருக்கு ஒரு பழைய காலத்தையும் கொடுத்து, படிப்பை யாரும் பறிக்க முடியாது என்ற அறிவுரையோடு முடித்தார். இதற்கும் அதே தேசிய விருது கிடைத்தது. எனக்குப் பிடித்த படம்தான். ஆனால் பூமணி சொல்லாமல் விட்டதைப் படத்தால் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 1974ல் எழுத்தின் பிரசங்கம் திரையில் பின்னால் போனது, 2019ல் எழுத்தில் இல்லாத பிரசங்கம் திரையில் முன்னால் வந்தது. ‘புத்தகம் மாதிரி இல்லை’ என்று இரண்டையும் ஒரே தட்டில் வைத்தால் இந்த வித்தியாசம் கண்ணில் படாது.

அப்படியானால் சிங்கீதம் ராஜாஜிக்குத் துரோகம் செய்தாரா? அந்த வாதம் என்ன ஆனது என்று பாருங்கள். படம் வந்த 1974லேயே மதுவிலக்கு திரும்ப வந்தது, எண்பதுகளின் தொடக்கத்தில் மறுபடி போனது. 2003 முதல் டாஸ்மாக் கடைகளில் அரசே விற்கிறது. சட்டமாக அந்தக் கதை தோற்றுவிட்டது. தோற்காமல் இருப்பது பார்வதி மட்டும். கடனுக்கு ஈடாகப் பார்க்கப்படும் பெண் எந்தச் சட்டம் வந்தாலும் போனாலும் இன்னும் இருக்கிறாள்.

தொரப்பள்ளியில் ராஜாஜி பிறந்த வீடு இப்போது நினைவு இல்லம். சுற்றிலும் சிப்காட் வளர்ந்துவிட்டது. கெலவரப்பள்ளி அணையில் திறந்துவிடும் தண்ணீர் நுரை தள்ளிக்கொண்டு ஓடுகிறது. இன்று யாராவது பார்வதியை மறுபடி எடுத்தால் கருப்பன் ஒப்பந்தத் தொழிலாளியாக இருப்பான், கடன் மைக்ரோ ஃபைனான்ஸ் குழுவிலிருந்து வரும். கதையில் ஒரு வரிகூட அப்படி இருக்காது. ராஜாஜியின் கதைக்கு மிக நெருக்கமான படம் அதுவாகத்தான் இருக்கும்.