ஏணியா, மரமா?

உயிரினங்களின் வகைகளையும் அவற்றின் வரலாற்றையும் கற்பிக்கும் இணையத் தளங்கள் இந்நாளில் பலவாகப் பெருகியுள்ளன. அவற்றுள் இரண்டினை மட்டும் எடுத்துக்கொண்டு, தமிழ் வகுப்பறைக்கு அவை எவ்வளவு பயன்படும் என்று ஈண்டு ஆராய விழைகின்றோம். ஒன்று, சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தில் உருவாகி 2012-இல் வெளிவந்த வாலஸ் தளம். மற்றொன்று, கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் தொல்லுயிர் அருங்காட்சியகம் 2004-இல் தொடங்கிய பரிணாமப் பாடத் தளம்.

முன்னது ஒரு பண்டகசாலை. ஆல்பிரட் ரசல் வாலஸ் எழுதிய நூல்களும் கட்டுரைகளும் அங்கே விலையின்றிக் கிடைக்கின்றன. 1854-இல் சிங்கப்பூரில் வந்திறங்கிய அவர், புக்கிட் தீமாக் காட்டில் ஏறத்தாழ இரண்டு மாதங்களில் 700 வகை வண்டுகளைத் திரட்டினார். அவற்றுள் பெரும்பாலானவை ஒரு சதுர மைலுக்கு மேற்படாத இடத்தில் கிடைத்தவை. சீனத் தொழிலாளர் பல ஆண்டுகளாக மரம் வெட்டி அறுத்து வந்தமையால் குவிந்த பட்டையும் மரத்தூளும் வண்டுகளுக்கு உணவாயின என்று அவரே காரணமும் கூறுகிறார். மறு ஆண்டு சரவாக்கில் இருந்தபோது எழுதிய கட்டுரையில், உயிர்களின் உறவு நேர்கோட்டில் அமைந்ததன்று, முறுகிக் கிளைத்த ஓக் மரத்தின் கொப்புகளைப் போன்றது என்னும் கருத்தை வெளியிட்டார். டார்வினின் பெருநூல் வந்ததோ 1859-இல்! நம் வாயிலருகே பிறந்த இக்கருத்தை நம் மாணவர் எத்தனை பேர் அறிவர்? ஆயினும் எங்கே தொடங்குவது என்று கைப்பிடித்துக் காட்டும் தளமன்று இது. ஆசிரியரே முன்னதாகப் படித்துப் பக்கங்களைத் தேர்ந்து வைத்தல் வேண்டும்.

பின்னது பண்டகசாலையன்று, நல்லாசிரியர். மக்கள் உள்ளத்தில் ஊறிய தவறான எண்ணங்களை ஒவ்வொன்றாக எடுத்து மறுக்கும் பகுதியே அதன் உயிர்நிலை எனலாம். குரங்கு படிப்படியாக நிமிர்ந்து மனிதனாயிற்று என்னும் படம் எல்லோரும் கண்டதே. பரிணாமம் ஏணியன்று, மரம். இன்றுள்ள குரங்குகள் நம் பாட்டனார் அல்லர், ஒரே பழைய முன்னோரிடமிருந்து பிரிந்த பங்காளிகள்.

இவை ஆங்கிலத்தில் எழுதப்பட்டவை. தமிழில் எடுத்துரைக்கப் புகும்போதுதான் இடர் தொடங்குகிறது. நாம் ஆசையோடு ஆக்கிக்கொண்ட ‘படிவளர்ச்சி’ என்னும் சொல்லிலேயே ஏணி நிற்கிறது. இலங்கைப் பாடநூல்கள் ஆளும் ‘கூர்ப்பு’ அழகிய பழஞ்சொல். ஆனால் உள்ளது சிறத்தல் என்பதே உரியியல் அதற்குக் கூறும் பொருள். குகையில் வாழ்ந்து கண்ணிழந்த மீனும் பரிணாமத்தின் விளைவே. அதனை வளர்ச்சி என்பதா, சிறப்பு என்பதா? தனித்தமிழ் அன்பர்கள் பொறுத்தருள்க. வடசொல்லாகிய ‘பரிணாமம்’ மாற்றம் என்னும் அளவில் நின்றுவிடுவதால், இவ்விடத்தில் அதுவே குறைந்த தீங்குடையது.

இதனினும் பெரிய தடை ஒன்றுண்டு. தொல்காப்பியர் மரபியலில் உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு ஈறாக வகுத்ததைக் காட்டி, பரிணாமக் கொள்கையை நாம் அன்றே கண்டுவிட்டோம் என மேடைதோறும் முழங்குவாருளர். வகுப்பறையிலும் அவ்வாறு சொல்லக் கேட்டிருக்கிறோம். அவ்வகுப்பு புலன்களை அளவாகக் கொண்டது. எது எதிலிருந்து கிளைத்தது என்னும் வினாவை அது எழுப்பவேயில்லை. சிதலையும் எறும்பையும் மூவறிவில் சேர்த்தார். நண்டையும் தும்பியையும் நாலறிவில் வைத்தார். மரத்தில் தேடினால் உறவு வேறாக இருக்கிறது. கறையானாகிய சிதல் கரப்பானுக்குச் சுற்றம். எறும்போ குளவிக்கும் தேனீக்கும் சுற்றம். தும்பி எப்பூச்சியைக் குறிப்பினும், அது நண்டைவிட எறும்புக்கே நெருங்கியது. இதனால் தொல்காப்பியர்க்கு இழுக்கொன்றுமில்லை. அவர் சொல்லாததை அவர் வாயில் இட்டு, மாணவனைப் பழைய ஏணியிலேயே ஏற்றிவிடுகிறோமே, அதுதான் இழுக்கு.

இந்நான்கு சிற்றுயிர்களைக் கொண்டே ஒரு பாடம் நடத்தலாம். முதல் நாள் மரபியல் நூற்பாக்களைப் பொருளுணர்ந்து படிக்கச் செய்க. மறுநாள் கலிபோர்னியத் தளத்தைத் திறந்து, எறும்புக்கு அண்மையில் இருப்பது யார் என்று தேடச் சொல்க. கணுக்காலிகளின் கதைக்கென்றே அங்கே ஒரு தனிப்பகுதி இருக்கிறது.