இரண்டு விரல், ஒரு மோட்டார்

எளிய ரோபோ கிரிப்பருக்கு இரண்டு விரல்களும் ஒரு சர்வோ மோட்டாரும் போதும். மோட்டாரின் அச்சு ஒரு நேரத்தில் ஒரு பக்கமாகத்தான் சுழலும். விரல்களோ எதிரெதிராக, ஒரே அளவில் மூட வேண்டும். சம அளவுள்ள இரண்டு பற்சக்கரங்களைக் கோத்துவிட்டால் ஒன்று வலமாகச் சுற்ற, மற்றது இடமாகச் சுற்றும். ஆளுக்கொரு விரலைப் பொருத்தினால் கை தயார். இயந்திரக் கலையில் இவ்வளவு சிக்கனமான அமைப்பு அரிது.

விரல் கால் வட்டம்கூடத் திரும்பத் தேவையில்லை. 30 பல் சக்கரம் 60 பாகை திரும்பினால் 5 பற்கள்தான் கடந்துபோகும். அதனால் சில பற்களை மட்டும் வைத்துக்கொண்டு மீதியை வெட்டிவிட்டு, விசிறி வடிவச் சக்கரத்தையும் விரலையும் ஒரே துண்டாகச் செய்வார்கள். கிரிப்பரைப் பிரித்துப் பார்ப்பவர் முதலில் ரசிக்க வேண்டிய இடம் இது.

பல்லின் பருமனைச் சொல்லும் அளவு மாட்யூல். அதைப் பற்களின் எண்ணிக்கையால் பெருக்கினால் சக்கரத்தின் பிட்ச் விட்டம் கிடைக்கும். மாட்யூல் 1-க்கு 30 பல், 1.5-க்கு 20 பல். இரண்டுக்கும் 30 மி.மீ.தான். த்ரீடி பிரிண்டரில் எடுக்கும் பிளாஸ்டிக்குக்குத் தடித்த பல்லே நல்லது. ஆனால் வழக்கமான 20 பாகை அழுத்தக் கோணத்தில் 17 பல்லுக்குக் கீழே இறங்கினால் பல்லின் அடி குடைபட்டு மெலியும். பல்லின் பக்க வளைவு இன்வால்யூட். 18ஆம் நூற்றாண்டில் ஆய்லர் முன்வைத்த இந்த வளைவில், அச்சுகள் சற்றே விலகினாலும் வேக விகிதம் மாறாது. கையால் துளையிட்டுச் செய்யும் கிரிப்பருக்கு இது பெரிய வரம்.

9 கிராம் எடையுள்ள சிறு சர்வோவின் உச்ச முறுக்குவிசை ஏறத்தாழ 1.8 கிலோ-செ.மீ. விரல் 6 செ.மீ. நீளமானால், இரு விரல்களுக்கும் பங்கிட்டபின் நுனியில் ஆளுக்கு 150 கிராம் அழுத்தம். உராய்வு அதிலும் கொஞ்சம் தின்னும். 2:1 குறைப்பு கொடுத்தால் அழுத்தம் இரட்டிக்கும், வேகம் பாதியாகும். மீனவர் ஊரான வைத்திக்குப்பத்தின் கரையிலிருந்து கிளம்பும் பைபர் படகின் அவுட்போர்டு எஞ்சினிலும் இதே பேரம்தான்: அடியிலுள்ள பற்சக்கரங்கள் வேகத்தைக் குறைத்து விசையைக் கூட்டிப் புரொப்பெல்லருக்குத் தருகின்றன.

அந்தக் கரையில் வலையிலிருந்து கழற்றும் நண்டின் கொடுக்கில் ஒரு விரல்தான் அசையும். மற்றது அசையாத தாங்கல். மூடும் தசை, திறக்கும் தசையைவிட மிகப் பெரியது. கடிக்க இந்த அமைப்பு போதும். பொருளை நடுவில் நிறுத்த இரு விரலும் ஒன்றாக வர வேண்டும். எடையற்ற வெளியில் இது இன்னும் முக்கியம்: ஒரு விரல் முந்தித் தொட்டாலே மிதக்கும் பொருள் விலகிப் போய்விடும். 2024 டிசம்பர் 30 அன்று பி.எஸ்.எல்.வி.-சி60 ஏவூர்தியின் போயம்-4 மேடையில், விண்வெளிக் குப்பையைப் பிடிக்கும் சோதனைக்காக இஸ்ரோ அனுப்பிய ரோபோ கைக்கும் மிதக்கும் பொருளைப் பிடிப்பதே பணி.

இரு விரலையும் ஒன்றாக அசைக்கும் அமைப்புகளில், அழகில் முதலிடம் வார்ம் கியருக்குத்தான். நடுவில் ஒரு திருகு, இருபுறமும் இரு சக்கரங்கள். திருகு சுற்றினால் இரண்டும் எதிரெதிராகத் திரும்பும். 30 பல் சக்கரத்தோடு ஒற்றைப்புரி திருகு சேர்ந்தால் ஒரே கட்டத்தில் 30:1 குறைப்பு. புரியின் சாய்வு மிகக் குறைவாக இருந்தால் சக்கரத்தால் திருகைத் திருப்ப முடியாது. மின்சாரம் நின்றாலும் பிடி தளராது. இதற்குத் தரும் விலை உராய்வு: கொடுத்த ஆற்றலில் பாதிக்கு மேல் வீணாவதும் உண்டு. அதனால் வேகமாக எடுத்து வைக்கும் வேலைக்கு முதலில் சொன்ன நேர்ப்பல் சக்கரமும், நெடுநேரம் பிடித்து நிற்கும் வேலைக்கு வார்மும் ஏற்றவை.