ஒரு வாரச் சான்றிதழ்

இளநிலை, முதுநிலை வகுப்புகளுக்கான இணையப் பாதுகாப்புப் பாடத்திட்டத்தைப் பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) 2022 அக்டோபரில் வெளியிட்டது. அதை நடத்த ஆசிரியர்கள் எங்கே என்று கேட்டால் வழக்கமான பதில் தயாராக இருக்கிறது: ஒரு வார ஆசிரியர் மேம்பாட்டுப் பயிற்சி (எஃப்டிபி). எத்தனை ஆயிரம் பேர் பயிற்சி பெற்றார்கள் என்ற கணக்கும் கூடவே வரும்.

அதில் நியாயம் இல்லாமல் இல்லை. 2005-இல் தொடங்கிய ஐஎஸ்இஏ என்ற தகவல் பாதுகாப்புக் கல்வி, விழிப்புணர்வுத் திட்டம் ஐஐடிகளை வள மையங்களாக்கி, மற்ற கல்லூரிகளை அவற்றோடு இணைத்தது. தொழில்நுட்பக் கல்விக் குழுமமான ஏஐசிடிஇயின் அடல் அகாதெமி, ஐஐடி வாசலை மிதிக்க வாய்ப்பில்லாத உதவிப் பேராசிரியருக்கும் இத்தகைய பயிற்சியில் கட்டணமில்லாமல் இடம் கொடுத்தது.

ஆனால் அந்த ஒரு வாரத்தில் பெரும்பாலும் நடப்பது என்ன? காலையில் கிரிப்டோகிராஃபி, மதியம் பிளாக்செயின், மறுநாள் டிஜிட்டல் தடயவியல், நடுவில் சைபர் சட்டம். ஆளுக்கொரு பவர்பாயிண்ட். கடைசி நாளில் கொள்குறி வினாத்தேர்வு, கையில் சான்றிதழ். அது பதவி உயர்வுக் கோப்பில் போய்ச் சேரும். சான்றிதழ் வாங்கியவர் ஒரு நிரலைக்கூட உடைத்துப் பார்த்திருக்க மாட்டார்.

உடைத்துப் பார்க்காமல் இந்தப் பாடம் இல்லை. சைராக்யூஸ் பல்கலைக்கழகப் பேராசிரியர் வென்லியாங் டூ 2002-இல் தொடங்கிய சீட் ஆய்வகப் பயிற்சிகளைப் பாருங்கள். பஃபர் ஓவர்ஃப்ளோ பயிற்சியில், லினக்ஸின் நினைவக முகவரிகள் இடம் மாறாதபடி அமைத்துக்கொண்டு, ஓட்டையுள்ள சி நிரலுக்கு அளவுமீறிய உள்ளீட்டைக் கொடுத்து, ஸ்டாக்கில் உள்ள திரும்புமுகவரியை மாற்றி எழுத வேண்டும். நான்கு பைட் தள்ளிப்போனாலும் நிரல் கிராஷ் ஆகிவிடும். டீபக்கரில் பார்த்துக் கணக்கைத் திருத்தினால் ரூட் ஷெல் திறக்கும். முகவரிகளை இடம் மாற்றும் பாதுகாப்பை மறுபடி இயக்கினால் அதே தாக்குதல் தோற்கும். “எனக்கு மட்டும் ஏன் சார் கிராஷ் ஆகுது?” என்று கேட்கும் மாணவனுக்கு, அங்கே தானும் தடுமாறியவர்தான் பதில் சொல்ல முடியும். பயிற்சிகள் இலவசம், சாதாரண லேப்டாப்பில் ஓடும். நிதியில்லை என்ற சாக்கு செல்லாது.

ஆராய்ச்சியின் நிலை இன்னும் மோசம். 1998-இல் எம்ஐடியின் லிங்கன் ஆய்வகம் செயற்கையாக உருவாக்கிய நெட்வொர்க் போக்குவரத்திலிருந்து பிறந்தது கேடிடி-99 தரவுத்தொகுப்பு. மூலத் தரவின் குறைகளை ஆய்வாளர் ஜான் மெக்ஹியூ 2000-லேயே அடுக்கிவிட்டார். ஆனாலும் அந்தத் தொகுப்பை வைத்து, தாக்குதலைக் கண்டறிவதில் ‘99 சதவீதத் துல்லியம்’ என்று கட்டுரைகள் வந்துகொண்டே இருக்கின்றன. உண்மையான தாக்குதலைத் தொட்டே பார்க்காதவருக்கு அந்த எண் உறுத்துவதில்லை.

கொள்குறித் தேர்வை ஏஐசிடிஇ கைவிடட்டும். ஆசிரியர் தம் கையால் செய்து முடித்த மூன்று ஆய்வகப் பயிற்சிகளின் அறிக்கையை வாங்கிக்கொண்டு சான்றிதழ் தரட்டும். பயிற்சி பெற்றோர் எண்ணிக்கை சரியும், சரியட்டும்.